பொன்னாடைக்குப் பிறகு ஒரு பாட்டு வகுப்பு

அந்த ஞாயிறு ஆராதனையில் மூன்றாம் கவியை நான் ஒருவன் மட்டுமே பாடினேன்.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஞானப்பாட்டுக்கு ஆறேழு கவிகள், அதாவது சரணங்கள், இருக்கும். எல்லாவற்றையும் பாடினால் பிரசங்கம் தள்ளிப்போகும். பிரசங்கம் தள்ளிப்போனால் வீட்டில் காத்திருக்கும் பிரியாணி ஆறிப்போகும். அதனால் பாட்டின் எண்ணைச் சொல்லும்போதே ஆயர் “ஒன்று, இரண்டு, ஐந்தாம் கவிகள்” என்று அறிவித்துவிடுவார். இரண்டு முடிந்ததும் சபை முழுவதும் ஐந்துக்குத் தாவும். அன்றும் தாவியது. நான் மட்டும் ஒழுங்காக மூன்றுக்குப் போனேன்.

பாடகர் குழுவின் கடைசி வரிசையில் கனத்த கீழ்க்குரல் பாடுகிறவன் நான். அந்தக் குரலை ஒளித்துவைக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் தவறு செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களைத் திருத்தும் நல்ல நோக்கத்துடன் இன்னும் சத்தமாகப் பாடினேன். குழுவை நடத்தும் ரூபன் கையைக் கீழே கீழே அசைத்தான். நன்றாக இருக்கிறது, தொடருங்கள் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுகந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க, போன மாசமும் இதையேதான் பண்ணீங்க.”

“எதை?”

“அதைத்தான் சொல்றேன்.”

அவள் அதோடு நிறுத்தவில்லை. சொன்னதையே திரும்பக் கேட்கிறேன். வாங்கிவரச் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றோடு வருகிறேன். கேம்ப் ரோட்டில் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு, துக்க வீட்டுக்குப் போகும் முகத்தோடும் கையில் பெரிய மாலையோடும் போய் இறங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் மாலையை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கே போட்டுவிட்டார். இவற்றையெல்லாம் நான் இதுவரை நகைச்சுவைச் சம்பவங்களாகத்தான் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். சுகந்தி வரிசையாக அடுக்கியபோது அவை வேறு மாதிரி தெரிந்தன.

காரணம் என் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்தவர். அறுபத்திரண்டு வயதில் மறக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கிய தாம்பரம் ஸ்டேஷனில் ஒருநாள் இறங்கத் தெரியாமல் செங்கல்பட்டு வரை போய்விட்டார். கடைசி வருடங்களில் என்னை யாரோ மேலதிகாரி என்று நினைத்துக்கொண்டு, நான் அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். டிமென்ஷியா (நினைவும் தீர்மானமும் படிப்படியாகக் குறைந்து அன்றாட வாழ்க்கையையே தடுமாற வைக்கும் மூளை நோய்களின் பொதுப்பெயர்) என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் கவியைத் தனியாகப் பாடியபோது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அறுபத்திரண்டிலிருந்து ஐம்பத்தொன்பதைக் கழிக்க எனக்கு இன்னும் தெரிந்திருந்தது. அது ஒன்றும் பெரிய ஆறுதலாக இல்லை.

அடுத்த மாதம் பாடகர் குழுவின் ஆண்டு விழா. என் நீண்ட சேவையைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு சபை தன் ஊழியரை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு: கமிட்டி தீர்மானம், பொன்னாடை. முதலாவதை எதிர்த்துச் சண்டை போடலாம். இரண்டாவதற்கு நன்றி சொல்லவேண்டும். நான் நன்றி சொன்னேன்.

“இனிமே ரெஸ்ட் எடுங்கண்ணா. முன்னாடி உக்காந்து கேளுங்க” என்றான் ரூபன். நல்ல பையன். மின்விசிறிக்கு நேர் கீழே, குஷன் போட்ட முதல் வரிசையில் எனக்கு இடம் காட்டினான். அந்த வரிசையில் ஏற்கெனவே எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர், ஆர்கன் வாசித்தவர், காணிக்கைத் தட்டு பிடித்தவர் எல்லோரும் ஒவ்வொரு காலத்தில் பொன்னாடை வாங்கியவர்கள். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அந்த நகர்தலில் ஒரு பழக்கம் தெரிந்தது.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போன நாளை மறக்க மாட்டேன் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. இப்போதைக்கு மறக்கவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய உதடுகளும் லேசாக அசைந்தன. ஜெபிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எல்லோரும் இன்றைய தேதியைப் படித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே கேட்பார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் தேதி, கிழமை, முதல்வர் பெயர் எல்லாம் முடித்துவிட்டு, கூடுதல் மதிப்பெண்ணுக்காகத் தமிழ் மாதத்தையும் தயார் செய்திருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

மருத்துவர் ஒரு பெண்மணி. முகக்கவசம் போட்டிருந்தார். அறையில் ஏசி இரைந்தது. ஐந்து சொற்கள் சொல்லி, பிறகு கேட்பேன், நினைவில் வையுங்கள் என்றார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஷிப்டு முடியும் நேரத்துக்காகவே முப்பது வருடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அழகாக வரைந்தேன். பிறகு ஐந்து சொற்களைக் கேட்டார். நானும் தயங்காமல் ஐந்து சொன்னேன்.

“இதுல ரெண்டு நான் சொன்னது இல்லயே, சார்.”

“அப்ப மீதி மூணு?”

“அதுலயும் ஒண்ணு சந்தேகமாத்தான் இருக்கு.”

சுகந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது. மருத்துவர் எதுவும் எழுதவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினார். நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு எதிரே போட்டுக்கொண்டு, வேறு ஐந்து சொற்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். நான்கு சொன்னேன். நான்கும் அவருடையவை.

“எங்க வேலை பார்த்தீங்க?”

“திருமுடிவாக்கத்துல மேடம். ப்ரஸ் ஷாப் சூப்பர்வைசர்.”

“தகடு அடிக்கிற மெஷினா? காதுக்கு ஏதாவது போட்டுக்குவீங்களா?”

“கம்பெனியில ஆளுக்கொண்ணு கொடுத்தாங்க. கழுத்துல மாட்டிக்குவோம்.”

“காது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“காதுக்கு என்ன மேடம்? நான் குவையர்ல பாடறவன்.”

சுகந்தி குறுக்கிட்டாள். “பாடுவார் மேடம். கேக்க மாட்டார்.”

செவிப்பரிசோதனை அறை ஒரு டெலிபோன் பூத் அளவுதான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஃபாத்திமா என்ற இளம் செவியியல் நிபுணர் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு, எவ்வளவு மெல்லிய சத்தமானாலும் சரி, கேட்டதும் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றார். பீப், பீப் என்று வந்தது. அழுத்தினேன். எளிதாகத்தான் இருந்தது. உற்சாகமாகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபாத்திமா கதவைத் திறந்தார்.

“அங்கிள், எதுக்கு அழுத்துறீங்க?”

“சத்தம் வந்துச்சே.”

“நான் மெஷினை நிறுத்தியே ரொம்ப நேரமாச்சு.”

நான் கையில் இருந்த பொத்தானைப் பார்த்தேன். என்ன நடந்ததென்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. பாடகர் குழுவில் கீழ்க்குரலுக்குப் பல இடங்களில் மௌனம்தான் வேலை. மற்றவர்கள் பாடும்போது மனதுக்குள் தாளம் எண்ணிக்கொண்டிருந்து, சரியான இடத்தில் நுழைய வேண்டும். இங்கேயும் முதல் சில சத்தங்களின் இடைவெளியை என் மூளை பிடித்துக்கொண்டது. பிறகு அது கேட்கவே இல்லை, எண்ணியது. இவ்வளவு வருடமும் அதைத்தான் செய்திருக்கிறது. ரூபனின் கையைப் பார்த்தேன், தாளத்தை எண்ணினேன், பாடினேன். வீட்டில் சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன், அவள் நிறுத்தும் இடத்தை எண்ணினேன், “ம்” என்றேன். திருமண வாழ்க்கை இடையூறின்றி நடந்தது.

ஃபாத்திமாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மன்னிச்சுக்குங்க அங்கிள், இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததே இல்ல. இந்த முறை தாளம் இல்லாம அனுப்புறேன். ஏமாத்தாதீங்க, ப்ளீஸ்.”

தாளம் இல்லாமல் அனுப்பினார். நான் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவர் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஆடியோகிராமில் (எந்தச் சத்தத்தை எவ்வளவு சன்னமாக இருக்கும்போது காது பிடிக்கிறது என்று காட்டும் வரைபடம்) என் கோடு பாதிவரை சமதளமாக வந்து, பிறகு மலையிலிருந்து குதித்ததுபோல் இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் அப்படித்தான். மேல்ஸ்தாயி ஒலிகள் போய்விட்டன. பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகள் வாழும் இடம் அது. மனிதர்கள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ரத்தப் பரிசோதனையில் பி12 (நரம்புகளுக்கு அவசியமான ஒரு வைட்டமின்) மிகக் குறைவு. நான் பல வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை சிலருக்கு அதைக் குறைக்குமாம். அதுவும் மறதியைக் கூட்டக்கூடியது.

“அப்ப எனக்கு அப்பாவோட நோய் இல்லயா மேடம்?”

“இன்னைக்கு அப்படி எதுவும் தெரியல. அடுத்த வருஷம் திரும்பப் பார்ப்போம். ஆனா இதை இப்படியே விட்டா நல்லதில்ல.”

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். காதில் பாதி மட்டும் விழும்போது, மீதியை ஊகித்து நிரப்புவதிலேயே மூளை களைத்துப்போகிறது. நினைவில் வைக்கத் தெம்பு மிஞ்சுவதில்லை. வந்து சேராத தபாலை எங்கே பத்திரப்படுத்துவது? அதைவிட ஆபத்தானது அடுத்த கட்டம். கேட்கவில்லை என்ற கூச்சத்தில் ஆட்களிடமிருந்து ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் பேச்சு குறைகிறது, நடை குறைகிறது, வேலை குறைகிறது. வயதான மூளைக்கு இவையெல்லாம் கேடு. கவனிக்காத செவிக்குறைபாடு, தறிகெட்ட ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, அசையாத உடம்பு ஆகியவை பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எல்லாவற்றையும் சரிசெய்தால் வரவே வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். ஆனால் வாய்ப்பைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம்.

“வாரம் முழுக்க என்ன பண்றீங்க?”

“குவையர்ல இருந்தேன் மேடம். இப்ப ரெஸ்ட்.”

“நான் அந்த மருந்தை எழுதலயே. யார் எழுதினது?”

“சபையில.”

“போய் நிறுத்தச் சொல்லுங்க. தெரிஞ்சதையே பாடாதீங்க, புதுசா ஏதாவது கத்துக்குங்க. தனியா இல்ல, நாலு பேரோட.”

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் இதே சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை. என் கதையைப் படித்துவிட்டு, நமக்கும் காதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள். காதாக இருக்கலாம், வைட்டமினாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், நோயாகவே இருக்கலாம். பயத்தோடு வீட்டில் உட்கார்ந்து வயதைக் கழித்துக்கொண்டிருப்பதைவிட, தேதியைப் படித்துக்கொண்டு அந்த வராந்தாவில் உட்காருவது எவ்வளவோ மேல்.

காதுக்கருவிக்கு நான் உடனே சம்மதித்தேன் என்று எழுத ஆசைதான். மூக்கின்மேல் கண்ணாடி, வாயில் இரண்டு பொய்ப்பல், தலையில் சாயம் என்று கூச்சமின்றித் திரிகிறவனுக்குக் காதில் மட்டும் கௌரவம் வந்து உட்கார்ந்துகொண்டது. “கிழவன் மாதிரி தெரியும்” என்றேன். “இப்ப எப்படித் தெரியறீங்கன்னு நெனச்சுட்டு இருக்கீங்க?” என்றாள் சுகந்தி.

ஃபாத்திமா கருவியைப் பொருத்திய அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் கல்யாண ஊர்வலம்போல இருந்தது. ஆட்டோவின் இண்டிகேட்டருக்கு ஒரு சத்தம் உண்டு என்பது தெரியுமா உங்களுக்கு? செருப்பு தரையில் உரசுகிறது. பிளாஸ்டிக் பை பட்டாசுபோல் வெடிக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து செய்தித்தாளைப் பிரித்தேன், பக்கத்து வீட்டில் ஓடு சரிந்து விழுகிறதோ என்று நினைத்தேன். அப்போது சமையலறையிலிருந்து ஒரு பாட்டு. சன்னமாக, சுருதி சுத்தமாக. ரேடியோ என்றெண்ணி எட்டிப் பார்த்தேன். சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நீ பாடுவியா? எப்பலேர்ந்து?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து பாடிட்டுத்தான் இருக்கேன்.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு கட்டு கீரையை ஆய்ந்துகொடுத்தேன். என்னால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.

அடுத்த ஞாயிறு முதல் வரிசையில் உட்கார்ந்தபோது நான் ஓர் ஒற்றனாக இருந்தேன். எல்லாம் கேட்கிறது, கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கிகள் எங்கள் தலைக்கு மேலாகப் பின்வரிசையைக் குறிவைத்திருந்தன. எங்கள் காதுக்கு வருவதெல்லாம் பின்சுவரில் மோதித் திரும்பிய எதிரொலி. ஆயர் ஒரு துக்கச் செய்தியை அறிவித்தார். என் வரிசை முழுவதும் இனிமையாகப் புன்னகைத்துத் தலையாட்டியது. இவர்கள் எல்லோருமே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்! பக்கத்தில் இருப்பவர் தலையாட்டினால் ஆட்டு, எழுந்தால் எழு. எங்களுக்கு மறதி வந்துவிட்டது என்று சபை இரக்கப்படுகிறது. நாங்களோ சொன்னதைக் கேட்கவே இல்லை.

அன்றே ஆயரின் அறைக்குப் போனேன். ரூபனும் இருந்தான். மருத்துவர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

ரூபனுக்கு முகம் வாடிவிட்டது. “அண்ணா, மரியாதை குடுத்துத்தானே உக்கார வெச்சோம்?”

“மியூசியத்துலயும் மரியாதையாத்தான் வெச்சிருக்காங்க தம்பி. தொடாதீங்கன்னு போர்டு வேற.”

ஆயர் சிரித்தார். “சரி, ஜான்சன் சார். என்ன வேணும் உங்களுக்கு? திரும்ப குவையரா?”

“எனக்கு மட்டும் இல்ல பாஸ்டர். அந்த வரிசை மொத்தத்துக்கும் பாட்டு கிளாஸ். சனிக்கிழமை சாயங்காலம். ரூபன் சொல்லித்தரணும்.”

“அதுக்கென்னண்ணா, எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டா எடுத்து...”

“தெரிஞ்சது வேணாம். ஒருத்தருக்கும் தெரியாத பாட்டு. அதுவும் நாலு குரல்ல. யாரும் அவங்கவங்க பழைய குரலைப் பாடக் கூடாது. கீழ பாடினவன் மேல பாடணும்.”

“முடியுமாண்ணா?” அவன் நிஜமான கவலையோடு கேட்டான்.

“முடியலன்னா அதுதான் எக்சர்சைஸ்.”

இப்படித்தான் எங்கள் வகுப்பு தொடங்கியது. இளைஞர் சங்கம் அதற்கு ‘பொன்னாடை குவையர்’ என்று பெயர் வைத்தது. நான் கீழ்க்குரலிலிருந்து டெனருக்கு (ஆண்களின் மேல்ஸ்தாயிக் குரல்) மாறினேன். முதல் சனிக்கிழமை நாங்கள் எழுப்பிய ஒலியைக் கேட்டு ஆலயத்தில் குடியிருந்த புறாக்கள் வெளியேறின. ரூபன் ஒரு வரியைப் பாடுவான். நாங்கள் ஆளுக்கொரு வரியாகத் திருப்பித் தருவோம். “அங்கிள், ஆன்ட்டி, கையெடுத்துக் கும்பிடறேன், மூச்சு விட்டுப் பாடுங்க” என்பான். பெரியவர்களிடம் மெதுவாகப் பேசியே பழகியவன், மூன்றாவது வாரம் தன்னை மறந்து “டெனர்! தூங்குறீங்களா?” என்று கத்திவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்களுக்கோ அவ்வளவு மகிழ்ச்சி. யாராவது எங்களைத் திட்டி எத்தனையோ வருடமாகியிருந்தது.

ஒன்று தொடங்கியதும் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒலிபெருக்கிகள் இறங்கி எங்கள் பக்கம் திரும்பின. அதற்குக் கமிட்டியில் நடந்த சண்டையைத் தனிப் புத்தகமாக எழுதலாம். ஆராதனைக்குப் பிறகு ஒரு அறையில் சபைச் செவிலியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், பக்கத்து அறையில் பாகு மாதிரி டீயும் போண்டாவும் கொடுப்பார்கள். வரிசை எந்தப் பக்கம் நீளம் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது டீயில் சர்க்கரை தனியாக, போண்டா இருந்த இடத்தில் சுண்டல். இந்தச் சீர்திருத்தத்துக்காகச் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. வாராந்தர வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஆட்கள் பைக்கிலும் ஆட்டோவிலும் வந்திறங்குவது வழக்கம். பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து நடந்துபோகலாம் என்று ஆயர் சொன்னார். முதல் வாரம் மூட்டுவலி பற்றிய பேச்சிலேயே போனது. இப்போது ஜெபத்தைவிட நடைக்குத்தான் ஆள் அதிகம் என்று ஆயருக்கு வருத்தம்.

வகுப்புக்கு வராதவர்களில் டேவிட் சாரும் ஒருவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருக்கு வந்திருப்பது காதுப் பிரச்சனை அல்ல, டிமென்ஷியாவேதான், ஆரம்பக் கட்டம். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்று, “பெல் அடிச்சாச்சு, எல்லாரும் போகலாம்” என்று கணீரென்று சொல்லிவிட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர் நன்றியோடு பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர் மனைவி கிரேஸ் அக்கா அன்றோடு அவரை ஆலயத்துக்கு அழைத்து வருவதை நிறுத்திவிட்டார். தானும் நின்றுகொண்டார்.

அந்த வீட்டுப் படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றாமல் நேரம் கடத்திக்கொண்டிருந்தேன். அங்கே நான் பார்க்கப்போவது அப்பாவையும், ஒருவேளை என்னையும். சுகந்தி முன்னால் போனாள்.

“கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவார்னு எனக்கே தெரியாது, ஜான்சன்” என்றார் கிரேஸ் அக்கா.

“நான் என்ன பண்ணுவேன்னு சபைக்கே தெரியாது அக்கா. மூணாம் கவி ஞாபகம் இருக்கா?”

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு அழுகையாக மாறியது. சுகந்தி அவரை உள்ளே அழைத்துப் போனாள். டேவிட் சார் என்னைப் பார்த்து, “ஃபீஸ் கட்ட வந்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தார்கள். சார் எனக்குப் பக்கத்தில், டெனர் வரிசையில். ஒவ்வொரு வாரமும் அவருக்கு முதல் வாரம்தான். ஒவ்வொரு வாரமும் “நல்ல பாட்டு, யார் போட்டது?” என்று கேட்பார். ரூபன் ஒவ்வொரு வாரமும் பதில் சொல்வான். அந்த நேரத்தில் கிரேஸ் அக்கா வெளியே வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்து டீ குடிப்பார். யாரையும் கவனிக்கத் தேவையில்லாத டீ. பராமரிக்கிறவர்களுக்கு ஒரு சபை தரக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பாட்டு சாரைக் குணப்படுத்தவில்லை. அப்படி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவர் நோய் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எந்த அறையில் நகர்கிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து அதே வராந்தா. இந்த முறை தேதியைப் படிக்கவில்லை; திமிர்தான். மருத்துவர் ஐந்து சொற்கள் சொன்னார். ஐந்தையும் திருப்பிக் கொடுத்தேன். “இன்னும் அஞ்சு சொல்லுங்க மேடம்” என்றேன். சுகந்தி மேசைக்கு அடியில் காலை மிதித்தாள். “போதும், நல்லா இருக்கீங்க. அடுத்த வருஷம் வாங்க” என்றார். அடுத்த வருடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் அதை ஒப்புக்கொண்டு சிரித்துப் பிரிந்தோம்.

உடம்பைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது மாறிவிட்டது. முன்பு அது தலைக்குக் கீழே தொங்கும் சாமான். இப்போது அதன் ஒவ்வொரு பகுதியும் இன்னொன்றோடு பேசிக்கொண்டிருப்பது தெரிகிறது. கால் நடந்தால் தலை தெளிகிறது. காது திறந்தால் நாக்குக்கு வேலை வருகிறது. படுக்கப்போகும்போது கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறேன். மௌனம் முன்பு கேட்காமலேயே என்மேல் வந்து விழுந்த ஒன்று. இப்போது நானே கதவைத் திறந்து அதை உள்ளே விடுகிறேன். காலமும் அப்படித்தான். அறுபத்திரண்டிலிருந்து கழிக்கும் கணக்காக அது இருந்தது. இப்போது அதற்கு ஒரே அலகு, அடுத்த சனிக்கிழமை.

போன சனிக்கிழமை புதுப் பாட்டின் இரண்டாம் பக்கம் படித்தோம். கடினமான பக்கம். முடிந்ததும் வழக்கம்போல நடந்தே வீடு திரும்பினோம். சுகந்தியும் கிரேஸ் அக்காவும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள். நானும் டேவிட் சாரும் பின்னால். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிப்போனது. அதன் இரைச்சல் அடங்கியபோது சார் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. நின்றேன். இரண்டாம் பக்கத்தின் டெனர் வரி. எனக்கு இன்னும் பிடிபடாத வரி.

“சார், இது இன்னைக்குப் படிச்சதுதானே?”

“இன்னைக்கா? நான் எங்கயும் போகலயே.”

“அப்ப இது என்ன பாட்டு?”

“தெரியலப்பா. நல்லா இருக்கு, இல்ல?”

நானும் சேர்ந்து பாடிப் பார்த்தேன். மூன்றாவது சுரத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அங்க எறங்காதே. ஏறு.”

ஏறினேன். இல்லை என்று தலையசைத்தார். மறுபடி ஏறினேன். கரும்பலகையில் விடை சரியாக வந்துவிட்ட பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“உன் பேர் என்ன?”

“ஜான்சன் சார்.”

“பரவாயில்ல ஜான்சன், கத்துக்குவே. இன்னொரு தடவை.”